பள்ளிக்கூடம் விடும் நேரமும் தண்ணீர் லாரியும்

கோவில்பட்டியில் நாங்கள் குடியிருந்த தெரு ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடத்தின் வாசலில் போய் முடியும். வீடு பார்க்க வந்தபோது, பிள்ளை வளர்ந்ததும் நடந்தே பள்ளிக்கூடம் போய்விடும் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். சாயங்காலம் மூன்றரை மணிக்கு அந்தத் தெரு என்ன பாடுபடும் என்று வாடகைக்கு விட்ட புண்ணியவான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்றரைக்கு முதல் டிவிஎஸ் பிப்டி வரும். பின்னாலேயே ஸ்கூட்டர்கள், ஆட்டோக்கள், கழுகுமலைப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன். பள்ளிக்கூடத்துக்குள் வண்டி நிறுத்த இடமில்லை. இருந்த இடத்தில் புதுக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். அதனால் எங்கள் வாசற்படியை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு, அதே படியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். தலைமையாசிரியையான பெரிய டீச்சரிடம் போய்ச் சண்டை போட்டேன். ‘இங்கு வாகனங்களை நிறுத்தாதீர்’ என்று ஒரு பலகை நட்டார். அதில் ஒயர்கூடைகளை மாட்டிவிட்டு, பக்கத்திலேயே வண்டியை நிறுத்தினார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். தண்ணீர்தான் பொறுக்க விடவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் குழாயில் தண்ணீர் வருவதே அதிசயம். செவ்வாயும் வெள்ளியும் நாலு மணிக்கு வரும் லாரிதான் கதி. எனக்கோ நாலு மாதக் கைக்குழந்தை. ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். லாரி தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கும்.

"வண்டிகள எடுக்கச் சொல்லுங்க தாயி. மேல ஏத்திக்கிட்டா வர முடியும்?" என்பார் டிரைவர்.

ஐந்து நிமிடம் பார்ப்பார், அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். நாங்கள் குடத்தோடு பின்னால் ஓடினால், "முதல்ல எங்க தெரு" என்று அங்கே மறிப்பார்கள். நியாயம்தானே. நாங்களும் அப்படித்தான் மறித்திருப்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை, குழந்தை தூங்குகிறதே என்று மூன்று மணிக்கே குடத்தை வாசலில் கொண்டுபோய் வைத்தேன். என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்காவும் வைத்தாள். மூன்றரைக்கு ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார், இரண்டு குடத்தையும் பார்த்தார், வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் வரிசையில் வைத்த குடம், வைத்த ஆளேதான். கல்லை நகர்த்துவார்கள், சைக்கிளைத் தூக்கி ஓரமாகப் போடுவார்கள். அடுத்தவர் குடத்தில் மட்டும் கைவைக்க மாட்டார்கள்.

அடுத்த செவ்வாய் தெருவின் இரண்டு ஓரமும் குடம்தான். பச்சை, நீலம், சிவப்பு, மூக்கு உடைந்தது எல்லாம் வந்து நின்றது. ஒரு வண்டி உள்ளே வரவில்லை. லாரி நடுவில் ஜம்மென்று வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வந்தவர்கள் நாலு தெரு தள்ளி வண்டியை விட்டு, முனகிக்கொண்டே நடந்து வந்தார்கள். தெருமுனையில் ஒரு காலிமனை இருக்கத்தான் செய்தது. ஆனால் கரிசல் மண். காய்ந்தால் வெடிப்பில் ஸ்டாண்டு இறங்கி வண்டி சாயும். நனைந்தால் மட்கார்டுக்குள் மண் அப்பிச் சக்கரம் சுற்றாது. எவரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள்.

நாலைந்து வாரம் கழித்து, காலையில் ஒரு பாட்டம் மழை பெய்த வெள்ளிக்கிழமை, வரிசையில் ஒரு மஞ்சள் குடம் புதிதாக நின்றது. பக்கத்தில் ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கூப்பிட வந்தவள்.

"இது எங்க தெரு வரிசைம்மா" என்றேன்.

"எங்க தெருவுல ரெண்டு வாரமா லாரி வரல அக்கா. ஒரே ஒரு குடம். வண்டிய வெளியதான் நிப்பாட்டியிருக்கேன்."

"இன்னைக்கு ஒன்னு, நாளைக்கு நூறு வரும்" என்று சொல்லி, அவள் குடத்தைத் தூக்கிச் சுவரோரம் வைத்தேன்.

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏட்டி, அவிய குடத்துல நீ எப்படிக் கைவைக்கலாம்?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

நான் வீம்புக்கு அசையவில்லை. அந்தப் பெண் சண்டைக்கு வரவில்லை. காலிக் குடத்தை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். லாரி வந்தது. ஆறு குடம் பிடித்தேன்.

ஆறாவதைத் தூக்கும்போது தெருமுனையைப் பார்த்தேன். அவள் டிவிஎஸ் பிப்டி அந்தக் கரிசல் மனையில் பாதிச் சக்கரம் புதைந்து நின்றது. ஈரத்தில் அங்கே நிறுத்தியவள் அவள் ஒருத்திதான். மகள் கரையில் நின்று அழுதாள். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. இடுப்புக் குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் போனேன்.

அவள் முன்னால் இழுக்க நான் பின்னால் தள்ளினேன். வண்டி ஏறுவதற்குள் முழங்கால்வரை சேறு, சேலையெல்லாம் சேறு. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவள் என் சேலையைப் பார்த்தாள்.

"இத அலச உங்களுக்கு ரெண்டு குடம் போயிருமே அக்கா" என்றாள்.

ஓடிப்போய் அந்த ஆறாவது குடத்தைக் கொண்டுவந்து அவள் குடத்தில் கவிழ்த்தேன். போதும் போதும் என்றவள், நிறைந்ததும் அதைத் தூக்கினாள். வண்டியில் வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். குனிந்து என் காலில் ஊற்றினாள். நான் விலகினேன். விடவில்லை. கரிசல் மண் லேசில் விடாது. விரலிடுக்கில் எல்லாம் தேய்த்துக் கழுவினாள். அரைக் குடம் போனது. மிச்ச அரைக் குடத்தை எடுத்துக்கொண்டு மகளோடு புறப்பட்டாள்.

மறுநாள் பெரிய டீச்சரின் அறையில் போய் உட்கார்ந்தேன். மனைக்காரரிடம் பேசி அங்கே சரளைக்கல் அடித்துத் தராமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். ஒரு வாரத்தில் மூன்று டிராக்டர் சரளை வந்தது. வண்டிகள் அங்கே நின்றன, லாரி தடையில்லாமல் வந்தது. குடம் வைத்து மறிக்கும் வேலை போயிற்று. தெருவில் எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி என்றார்கள். "ஏட்டி, திடீர்னு வண்டிக்காரங்க மேல உனக்கு என்ன இம்புட்டுக் கரிசனம்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். வெளியூர்ப் பிள்ளைகள் பாவம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என் கால் கழுவப்பட்டதை அவளிடம்கூடச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.