இடது காது மடிந்த அறுபத்தாறு நாய்கள்

வலைக்காரர் தெருமுனையில் காலை வைத்தாலே போதும், அடுத்த தெரு நாய்வரைக்கும் சேதி போய்விடும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அவர் விஷயத்தில் மணிக்குப் பதில் குரைப்பு. காக்கியைக் கழற்றிவிட்டு, சலவைச் சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் இதே கதிதான். மச்சான் வீட்டு நாய் அவரைக் கண்டதும் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும். அவர் கிளம்பி அரைமணி நேரம் கழித்துத்தான் தட்டுக்கு வரும். "மாமா வந்தா எங்க நாய்க்குப் பட்டினி" என்று மச்சான் மகள் சிரிப்பாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவியோடு ஒரு வார்த்தை பேசமாட்டார்.

நகராட்சியின் விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவில் அவருக்கு இருபத்தொன்பது வருடம் ஏழு மாதம் சர்வீஸ். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அவர் பார்க்கும் வட்டத்துக்கு ஒரு வண்டி, ஒரு வலை, பின்பக்கம் ஆறு கூண்டு வைத்த காப்பகம், முன்பக்கம் ஒரு கவுண்டர், கவுண்டருக்குப் பின்னால் ஒரு கிளார்க்கம்மா, அவ்வளவுதான். லைசென்ஸ் வில்லை இல்லாமல் தெருவில் திரியும் நாயைப் பிடிப்பது முக்கிய வேலை. மற்றபடி சாலையில் படுத்த மாட்டை எழுப்புவது, துணி துவைக்கும் மெஷினுக்குள் போன பாம்பை வெளியே எடுப்பது எல்லாம் அவர் தலையில்தான் விடியும். 'இங்கே ஆடு கட்டக் கூடாது' என்ற நோட்டீசை ஒட்டிவிட்டு அவர் பசை வாளியைக் கழுவப் போன இடைவெளியில், ஓர் ஆடு அந்த நோட்டீசையே தின்றுவிட்டது. ஆட்டுக்காரன் மீது புகார் எழுத ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் ஆட்டின் வயிற்றில் இருந்தது.

பிடித்த நாயை ஏழு நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சொந்தக்காரர் வந்தால் லைசென்ஸ் எடுத்துக் கூட்டிப் போகலாம். பிரியப்பட்டவர் யார் வேண்டுமானாலும் வந்து எடுத்து வளர்க்கலாம். யாரும் வராவிட்டால் ஏழாம் நாள் காலை கால்நடை டாக்டர் ஊசியோடு வருவார். அந்த விதியை எழுதியவர் ஒரு நாயையும் பிடித்தவர் இல்லை; பிடிக்கிறவரை யாரும் விதி எழுதக் கூப்பிடுவதில்லை. வலைக்காரர் இத்தனை வருடமும் நாயின் முகத்தைப் பார்க்காமலே வேலை பார்த்தார். வால், கால், நிறம் இவ்வளவுதான் பார்ப்பார். முகத்தைப் பார்த்துவிட்டால் அன்று சோறு இறங்காது.

பதிமூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில்தான் வினை வந்தது. ஏழெட்டு நாய் கூட்டமாக நின்றது. அவர் வீசிய வீச்சில் வலை மரத்தில் மாட்டிக்கொண்டது, அவர் வாய்க்காலில் விழுந்தார். நாய்கள் எல்லாம் எடுத்தன ஓட்டம். ஒன்று மட்டும் ஓடவில்லை. பழுப்பு நிறம், நடுத்தர வயசுப் பெட்டை, இடது காது மடிந்து கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. அது வாய்க்கால் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, அவர் எழும்வரை காத்திருந்தது. அவர் சேறும் சகதியுமாக ஏறி வந்ததும் வாலை ஆட்டியது. பிறகு தானாகவே போய் வண்டியில் ஏறிக்கொண்டது.

இருபத்தெட்டு வருடத்தில் அவரைப் பார்த்து வாலாட்டிய முதல் நாய் அது. மனிதர் அங்கேயே விழுந்துவிட்டார், இந்த முறை வாய்க்காலில் இல்லை.

வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றால் விதி எண் இருபத்திரண்டு குறுக்கே நின்றது. பிரிவு ஊழியர், அவர் மனைவி, மக்கள், ஒரே வீட்டில் வாழும் உறவினர் எவரும் காப்பகத்து விலங்கை எடுக்கக் கூடாது. முன்னொரு காலத்தில் எவனோ ஒரு டிரைவர் நல்ல ஜாதி நாயாகப் பொறுக்கி வீட்டில் சேர்த்துக்கொண்டானாம், அவன் செய்த புண்ணியம். வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்றால், பார்க்க வந்த மூன்று குடும்பத்துக்கும் அந்த நாய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. தெருவிலேயே விட்டுவிடவும் வழியில்லை. எந்த வண்டியின் கதவு திறந்திருந்தாலும் ஏறிவிடும் ஜென்மம் அது. ஒரு தடவை பள்ளிக்கூட வேனில் ஏறி இரண்டாம் வகுப்புவரை போய்விட்டது. பக்கத்து வட்டத்து நாய்வண்டியில் ஏறினால் அங்கே ஏழாம் நாள் அதைக் காப்பாற்ற யார் இருப்பார்கள்?

ஓய்வு பெற அப்போது பதினெட்டு மாதம் இருந்தது. ஓய்வு பெற்றுவிட்டால் அவர் ஊழியர் இல்லை, நாயை எடுக்கலாம். அதுவரை நாய் உயிரோடு இருக்க வேண்டும், அது ஒன்றுதான் கவலை.

ஆகவே ஆறாம் நாள் சாயங்காலம் கூண்டைத் திறப்பார். பதிவேட்டில் 'தப்பி ஓடிவிட்டது' என்று எழுதச் சொல்வார். நாயோடு வாசல்வரை போய், ஒரு சுற்றுச் சுற்றி, வண்டியைத் திறப்பார். நாய் ஏறும். மறுபடி உள்ளே வந்து 'புதிதாகப் பிடிபட்டது' என்று எழுதச் சொல்வார். முதல் நாளிலிருந்து கணக்குத் தொடங்கும். இதற்காகவே பதிமூன்று மாதமாக லீவே போடவில்லை. மைத்துனி மகன் கல்யாணத்துக்கு வெளியூர் போனவர், ஆறாம் நாள் வருகிறதென்று தாலி கட்டும் முன்பே பஸ் ஏறிவிட்டார். அந்தக் கோபம் மனைவிக்கு இன்னும் ஆறவில்லை.

கிளார்க்கம்மா ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

"என்ன நிறம்ணே?"

"பழுப்பு."

"போன வாரமும் பழுப்புதானே எழுதினோம். இந்த வாரம் செங்கல் நிறம்னு போடுறேன்."

அடுத்த வாரம் பிஸ்கட் நிறம். அதற்கடுத்து டீ நிறம், துரு நிறம், மரப்பட்டை நிறம், பழைய பெஞ்சு நிறம். நாற்பதாவது முறைக்கு மேல் அவளுக்குக் கற்பனை வறண்டு, 'மங்கலான ஒரு நிறம்' என்று எழுதினாள். காதை மட்டும் மாற்ற அவளுக்குத் தோன்றவில்லை. நிறம் என்ற கட்டத்தில்தான் அவள் கவனமெல்லாம் இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிடித்த கணக்கு சுகாதாரப் பிரிவுக்குப் போகும், தப்பிய கணக்கு கட்டடப் பிரிவுக்குப் போகும். ஒன்றின் காகிதத்தை இன்னொன்று பார்ப்பது நகராட்சி வழக்கத்தில் இல்லை. இத்தனை நாய் தப்புகிறதே என்று கட்டடப் பிரிவு பதறி, காப்பகத்துச் சுவரை மூன்று தடவை உயர்த்தியது. இப்போது அதைப் பார்க்கிறவர்கள் உள்ளே சிங்கம் இருப்பதாக நினைக்கிறார்கள். சுகாதாரப் பிரிவோ, ஒரே ஆள் இத்தனை நாய் பிடிக்கிறாரே என்று பூரித்துப்போனது. புதிதாக வந்திருந்த சுகாதார அதிகாரியம்மா புள்ளிவிவரத்தில் பெரிய ஆள். வலைக்காரரின் வட்டத்தை வரைபடத்தில் வரைந்து, பிடிபட்ட நாய்க்கு ஒரு சிவப்புப் புள்ளி வீதம் வைத்து, 'அபாயப் பகுதி' என்று கவுன்சில் கூட்டத்தில் தன் கையாலேயே காட்டினார். கவுன்சிலர்கள் நடுங்கினார்கள். தாய்மார்கள் அந்தப் பக்கம் பிள்ளைகளை அனுப்பவில்லை. வலைக்காரருக்குச் 'சிறந்த ஊழியர்' சான்றிதழ் கிடைத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை கேட்டிருப்போம். இங்கே அவர் பிடித்தது நாய்தான், அது புள்ளிவிவரமாக முடிந்தது.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். புதிதாகச் சேர்ந்த எட்டுப் பேருக்கு அவர் நாய் பிடித்துக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

காலை பத்து மணி. காப்பக முற்றத்தில் எட்டுப் பேரும் நோட்டும் பேனாவுமாக நின்றார்கள். அதிகாரியம்மா கையில் நேரம் பார்க்கும் கருவி.

"தெருவுக்குப் போக வேண்டாம். உள்ள இருக்கிற ஒண்ணைத் திறந்துவிட்டுப் பிடிச்சுக் காட்டுங்க" என்றார்.

அன்று பார்த்து மற்ற கூண்டெல்லாம் காலி. முந்தின நாள்தான் இரண்டு நாய் சொந்தக்காரரோடு போயிருந்தன.

"மேடம், அது பொல்லாதது. பாஞ்சு கடிச்சிரும்."

"பொல்லாததா இருந்தாத்தானே பாடம். திறங்க."

எட்டுப் பேரும் இரண்டடி பின்வாங்கினார்கள். கூண்டு திறந்தது. நாய் வெளியே வந்து முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. வலைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு வலையைச் சுழற்றி, "ஏய்! ஹேய்!" என்று கத்தி, வேண்டுமென்றே பத்தடி தள்ளி வீசினார். நாய் போய் அந்த வலையை முகர்ந்து பார்த்து, வசதியாக இடம் பார்த்து அதன்மேல் படுத்துக்கொண்டது.

ஒரு புதுப் பையன் மும்முரமாக எழுதிக்கொண்டே கேட்டான். "சார், முதல்ல வலை மேல படுக்க வைக்கணுமா?"

வலைக்காரர் வாயைத் திறக்கும் முன் நாய் எழுந்தது. வண்டியின் பின்கதவருகே போய் நின்றது. கதவு திறக்கவில்லை என்றதும் திரும்பிப் பார்த்து இரண்டு குரை குரைத்தது. என்ன இன்றைக்கு இவ்வளவு தாமதம் என்று கேட்பது எட்டுப் பேருக்கும் புரிந்தது.

அதிகாரியம்மாவுக்கும் புரிந்தது. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பார்கள். இங்கே அறுபத்தாறு பூசணிக்காய். பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டே படித்தார்.

"செங்கல் நிறம், இடது காது மடிந்தது. பிஸ்கட் நிறம், இடது காது மடிந்தது. டீ நிறம், இடது காது..." நிமிர்ந்தார். "இந்த ஏரியாவுல எல்லா நாய்க்கும் இடது காது மடியுமா?"

"இங்க தண்ணி அப்படி மேடம்" என்றாள் கிளார்க்கம்மா.

அதிகாரியம்மா புதியவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். வலைக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். வாய்க்காலில் விழுந்ததில் தொடங்கி ஒன்றையும் விடவில்லை. "இன்னும் அஞ்சு மாசம்தான் மேடம். அதுவரைக்கும் ஓட்டிடலாம்னு பார்த்தேன்."

"நீங்க ஓட்டினதுல நான் கவுன்சில்ல போய் அறுபத்தாறு புள்ளி வெச்சுக் காட்டியிருக்கேன். இப்போ போய் அது ஒரே நாய்னு சொல்லணுமா?" அவர் முகம் சிவந்துவிட்டது. "இந்த நாய் இனிமே வெளிய போகாது. இன்னிக்கு அஞ்சாம் நாள். நாளைக் கழிச்சு டாக்டர் வருவார். விதின்னா விதி."

"என்னை சஸ்பெண்ட் பண்ணுங்க மேடம்."

"சஸ்பெண்ட் ஆனாலும் நீங்க ஊழியர்தான். இருபத்திரண்டாம் விதி உங்களுக்குப் பொருந்தும்."

"டிஸ்மிஸ்?"

"விசாரணை நடத்த ஆறு மாசம் ஆகும்."

"அப்போ விருப்ப ஓய்வு?"

அதிகாரியம்மா பதிவேட்டை மூடிவைத்தார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது. "அதுக்கு நான் கையெழுத்துப் போட்டா இன்னிக்கே நடக்கும். ஆனா உங்களுக்கு முப்பது வருஷம் முடிய அஞ்சு மாசம் பாக்கி. முடிச்சவங்க பேரைத்தான் கூட்ட அறைப் பலகையில எழுதுவாங்க. தெரியும்ல?"

தெரியாமலா? அந்தப் பலகையில் தன் பெயர் எந்த வரியில் வரும் என்று மனைவியைக் கூட்டிப் போய்க் காட்டியிருந்தார். ஊரில் எல்லோரும் அவரை வலைக்காரர் என்றே கூப்பிடுகிறார்கள். உண்மைப் பெயர் ஓரிடத்திலாவது இருக்கட்டுமே என்று ஓர் ஆசை. அதை விடுவது அவருக்கு லேசில்லை. "ஒரு போன் பண்ணிக்கிறேன்" என்று முற்றத்துக்குப் போனார்.

விஷயத்தைச் சொல்லி முடிக்க அவருக்கு நான்கு நிமிடம் ஆனது. மறுமுனையில் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"இப்பவாவது வாயைத் திறந்தீங்களே" என்றாள் மனைவி. "முன்னெல்லாம் உங்க சட்டையைத் துவைச்சா கருப்பு, வெள்ளை, புள்ளின்னு கலர் கலரா நாய்முடி வரும். பதிமூணு மாசமா ஒரே பழுப்பு. எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

"பலகையில பேர் வராதுடி."

"பேரைப் பார்க்க யார் தினம் அந்த ரூமுக்குப் போறாங்க? நான் போறேனா, நீங்க போறீங்களா?" அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. "என் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துல பாதியில ஓடினீங்களே, அது இதுக்காகத்தானா?"

"ஆமா."

"சரி, அந்தக் கோபம் தனியா இருக்கட்டும். அதைக் கூட்டிட்டு வாங்க. கட்டில்ல மட்டும் ஏறக்கூடாது, சொல்லிட்டேன்."

கடிதத்தை எழுத ஐந்து நிமிடம் ஆனது. அதிகாரியம்மா ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வலைக்காரர் அறையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, வாசல்வழியாக உள்ளே நுழைந்து, கவுண்டருக்கு முன்னால் நின்றார். பொதுமக்கள் நிற்கும் அந்தப் பக்கத்தில் அவர் நின்றதே இல்லை. கவுண்டர் இவ்வளவு உயரம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கிளார்க்கம்மா விலங்கு வளர்ப்பு விண்ணப்பத்தை எடுத்து டைப்ரைட்டரில் செருகினாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள்.

"தொழில்?"

"நகராட்சி..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "ஒண்ணும் இல்ல. அப்படியே போட்டுக்க."

"வீட்ல எத்தனை பேர்ணே?"

"ரெண்டு பேர். மூணுன்னு போடலாமா?"

"நாயை எண்ணக்கூடாது. ரெண்டு." அவள் அடுத்த கேள்வியைப் படித்தாள். படித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். "நாய் வளர்த்த முன் அனுபவம் உண்டா?"

வலைக்காரர் சுவரில் மாட்டியிருந்த வலையைப் பார்த்தார். அதில் விழுந்தவை எத்தனை ஆயிரம் என்று அவருக்கே தெரியாது. ஒன்றின் முகம்கூட நினைவில்லை.

"இல்ல தங்கச்சி" என்றார். "ஒண்ணுகூட வளர்த்ததில்ல."

அவள் 'இல்லை' என்று அடித்து, தாளை உருவி, கையெழுத்துக்காக அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் தன் முழுப் பெயரையும் எழுதினார். கவுண்டர் உயரத்துக்கு எட்டி எழுதியதில் எழுத்து கோணல்மாணலாக வந்தது. பரவாயில்லை என்று சொல்லி அவள் முத்திரையைக் குத்தினாள்.