மின்ஜி என்கிற மஞ்சு

போன வாரம் சிதம்பரத்தில், கீழ வீதிப் பக்கம் ஒரு ஓட்டலில் இட்லியும் கொத்சுவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நானும் மின்ஜியும்.

பக்கத்து டேபிளில் இரண்டு காலேஜ் பெண்கள். முன்னால் இருந்த பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது. அவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களை என்ன... மின்ஜியைத்தான். ஒரு கொரிய முகம் கத்தரிக்காய் கொத்சுவில் இட்லியைப் பிசைந்து, விரலை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்?

கடைசியில் ஒருத்திக்குத் தைரியம் வந்துவிட்டது. எழுந்து வந்து, கைகளை வயிற்றருகே கோத்து, இடுப்பை வளைத்து, "அன்யோங்ஹாசேயோ" என்றாள். சீரியல் பார்த்துக் கற்றுக்கொண்ட கொரிய வணக்கம். நன்றாகத்தான் சொன்னாள்.

மின்ஜி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "எந்த ஊரும்மா நீங்க?" என்றாள்.

"காட்டுமன்னார்கோயில்க்கா..."

"டவுன் பஸ்லயா வர்றீங்க? அதுல கும்பல் ஜாஸ்தியாச்சே."

"அக்கா, நீங்க... கொரியா இல்லியா?"

"கடலூர்மா. மஞ்சக்குப்பம்."

செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் அந்த முகங்களில் ஒரு சின்ன ஏமாற்றம். பாவம், கொரியாவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று ஆசையாக எழுந்து வந்தால், அவள் அடுத்த ஊர்க்காரியாக இருக்கிறாள்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டு மாடி போர்ஷன் பழக்கமானதுதான். அங்கே குடியிருந்த எத்தனையோ பேரைப் பற்றி எழுதிவிட்டேன். மின்ஜியைப் பற்றி மட்டும் எழுதியதில்லை. சில பேரைப் பற்றி எழுதக் கொஞ்சம் தூரம் தேவைப்படுகிறது.

அவள் அப்பா ஒரு என்ஜினீயர். கடற்கரையோரத் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் நிறுவ கொரியாவிலிருந்து வந்தவர். சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்லித்தான் மாடிக்குக் குடி வந்தார். வேலை நீண்டது. பிறகு இன்னும் நீண்டது. வரும்போது ஆறு வயதாக இருந்த பெண், போகும்போது பதினாறு வயதுப் பெண்.

மின்ஜி என்ற பெயர் எங்கள் தெருவில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. பால்காரர் "மஞ்சு" என்றார். அவ்வளவுதான். தெருவுக்கு, ஸ்கூலுக்கு, ரிக்‌ஷாக்காரருக்கு, எல்லோருக்கும் மஞ்சு.

என் மகள் நித்யாவும் அவளும் ஒரே கிளாஸ். காலையில் கீழே இறங்கி வந்தால் சாயங்காலம்தான் மேலே போவாள். ஒரே வருஷத்தில் தமிழ் வந்துவிட்டது. என்ன தமிழ்? "இன்னாத்துக்கு ஆன்ட்டி கத்துறீங்க, தோ வர்றேன்" என்கிற தமிழ். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் முன்னால் நாங்கள் அவளை நிறுத்திப் பேசச் சொல்வோம். கொரிய மொழியிலும் அம்மா அப்பாவுக்குக் கிட்டத்தட்ட இதே வார்த்தைகள்தான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் கேட்பார்கள். அவளும் சலிக்காமல், "ஆமா, அப்பா... ஓம்மா" என்பாள். தெருவுக்கே பெருமை.

அந்த இரண்டு வார்த்தைகளும் ஒன்றாக இருந்தது என்னவோ உண்மைதான். மூன்றாவது வார்த்தையிலிருந்துதான் பிரச்சினை. அது எங்கள் யாருக்கும் அப்போது தெரியவில்லை.

ஸ்கூலில் பையன்கள் "சைனா" என்பார்கள். "சைனா இல்லடா, கொரியா. மேப்ப ஒழுங்காப் பாரு" என்று திருப்பிக் கொடுப்பாள். அதையெல்லாம் சமாளித்துவிட்டாள். டிபன் பாக்ஸைத்தான் சமாளிக்க முடியவில்லை. அவள் அம்மா இங்கே கிடைக்கிற முட்டைக்கோஸை வைத்தே கிம்ச்சி என்கிற அவர்கள் ஊர் ஊறுகாய் போடுவார். முதுநகர் மார்க்கெட்டில் கூனி இறால் வாங்கி வந்து, அரைத்து, மிளகாய்த்தூளோடு கலந்து ஊற வைப்பார். ஒருநாள் கிளாஸில் அந்த டப்பாவைத் திறந்ததும் அடித்த வாடையில் பெஞ்சே காலியாகிவிட்டதாம்.

மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, இனிமே நித்யாவுக்குக் கட்றதயே எனக்கும் கட்டுங்க" என்றாள். கட்டினேன். லெமன் சாதம், உருளைக்கிழங்கு.

இன்றைக்குப் புவனகிரியில் பெட்டிக்கடையில்கூடக் கொரியன் நூடுல்ஸ் பாக்கெட் தொங்குகிறது. பிள்ளைகள் கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டு வீடியோ போடுகிறார்கள். அவள் கொஞ்சம் சீக்கிரம் பிறந்துவிட்டாள், வேறென்ன சொல்ல?

அவள் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெலிந்த, அமைதியான பெண். கடைக்குப் போவார், வருவார். என்னைப் பார்த்தால் "அக்கா" என்று சிரிப்பார். தமிழ் கொஞ்சம்தான் தெரியும், அதிலும் யாரைப் பற்றிப் பேசினாலும் வருது, போவுது என்று ஒரே 'உது'தான். கணவர் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பகல் முழுக்க மாடியில் சத்தமே இருக்காது. அந்த அம்மாவோடு அவர் மொழியில் பேச அந்த ஊரிலேயே இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வேலையில். இன்னொருத்தி எங்கள் வீட்டில், நித்யாவோடு தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

மஞ்சு ப்ளஸ் ஒன் சேர வேண்டிய நேரத்தில் அவள் அப்பாவின் வேலை ஒருவழியாக முடிந்தது. ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

"நான் வர மாட்டேன். ப்ளஸ் டூ முடிச்சிட்டு வர்றேன்" என்று மஞ்சு உட்கார்ந்துவிட்டாள்.

மாடியில் சத்தம் வர ஆரம்பித்தது. சண்டை இரண்டு மொழிகளில் நடந்தது. அம்மா கொரிய மொழியில் நீளமாக ஏதோ சொல்வார். பெண் "போம்மா" என்று தமிழில் முடித்துவிட்டுத் தடதடவென்று படியிறங்கி வருவாள்.

"மஞ்சு நம்ம வூட்லயே இருக்கட்டும்மா. என் ரூம்லயே படுத்துக்குவா" என்றாள் நித்யா. என் கணவருக்கும் சம்மதம். எனக்கு? எனக்குக் கேட்கவே வேண்டாம். பத்து வருஷமாகக் கையால் சோறு போட்ட பெண்ணை யார் அனுப்ப ஆசைப்படுவார்கள்?

ஒருநாள் காலை அவள் அம்மா எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றார். அதுவரை ஹாலைத் தாண்டி வந்ததில்லை.

"அக்கா. மின்ஜி இங்க இருக்கு சொல்லுது. நீங்க சரி சொல்லாதீங்க."

"ரெண்டு வருஷந்தானேம்மா. நான் நல்லாப் பாத்துக்குவேன்."

"தெரியும். நீங்க நல்லாப் பாக்குது. அதான் பயம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் வார்த்தை தேடினார்.

"மின்ஜி தூக்கத்துல பேசுது. தமிழ் பேசுது. நான் பக்கத்துல உக்காந்து கேக்குது. புரியல. என் பொண்ணு என்ன கனவு... எனக்குத் தெரியாது."

குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ரெண்டு வருஷம் அப்புறம் வருது. விருந்தாளி மாதிரி வருது" என்றார் அவர். பிறகு படியேறிப் போய்விட்டார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு குழந்தை நம் மொழியை அழகாகப் பேசினால் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுகிறோம். அது எந்த மொழியைக் கீழே வைத்துவிட்டு வந்தது என்று கேட்கத் தோன்றுகிறதா? இன்று நம் வீட்டுப் பேரன் பேத்திகள் வீடியோ காலில் "ஹாய்" சொல்லிவிட்டு ஓடும்போதுதான் அந்த வலி நமக்குப் புரிகிறது.

அன்று சாயங்காலம் மஞ்சுவை மட்டும் சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போனேன். சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தோம்.

"அம்மாவ வுட்டுட்டு ரெண்டு வருஷம் இருந்துடுவியாடி?"

மணலைத் தோண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "எனக்குக் கொரியன் தெரியாது ஆன்ட்டி" என்றாள்.

"என்ன உளர்ற. வூட்ல பேசுறியே."

"அது ஆறு வயசுப் புள்ள பேசுற கொரியன். போன லீவுக்கு அங்க போனப்ப எங்க பெரியப்பாவ 'நீ சாப்ட்டியா'ன்னு கேட்டுட்டேன். அங்க பெரியவங்ககிட்ட பேசுறதுக்கு மரியாதையா வேற மாதிரி பேசணும். எனக்கு அது வரல. எல்லாரும் சிரிச்சாங்க. எங்க பெரியப்பா பசங்க லீவு முழுக்க அதையே சொல்லிக் காட்டுனாங்க. 'இந்தியாக்காரி'ன்னே கூப்ட்டாங்க."

"இங்கதான் சைனான்னு சொன்னாங்க. நீ கவலப்பட்டியா?"

"இங்க சொன்னா திருப்பிக் குடுப்பேன். அங்க திருப்பிக் குடுக்க எனக்கு வார்த்த இல்ல ஆன்ட்டி."

"இத அம்மாகிட்ட சொன்னியா?"

"எப்பிடிச் சொல்றது? பசிக்குது, வலிக்குது, தூக்கம் வருது... இதுக்குத்தான் அம்மாகிட்ட பேச எனக்குத் தெரியும். அசிங்கமா இருக்குன்றதுக்குக் கொரியன்ல என்னன்னே தெரியாது."

ஆக, மாடியில் அத்தனை நாள் நடந்தது சண்டையே இல்லை. அம்மா, பெண் தன்னை விட்டுப் போகிறாளே என்று பயப்படுகிறார். பெண், ஊர் சிரிக்குமே என்று பயப்படுகிறாள். இரண்டு பேரும் தங்கள் பயத்தைச் சொன்னது என்னிடம், தமிழில்.

மறுநாள் அவள் அப்பா வெளியே கிளம்பியதும் அவளைக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனேன். "என்கிட்ட சொன்னத அம்மாகிட்ட சொல்லு" என்றேன்.

கொரிய மொழியில் ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம். நின்றுவிட்டாள். மறுபடி ஆரம்பித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, கேலி பண்ணுவாங்கன்றத எப்பிடிச் சொல்றது?" என்று கேட்டாள். நான் என்னவோ கொரிய மொழியைக் கரைத்துக் குடித்த மாதிரி.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். அவளை விரலால் சுட்டிக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பக்கத்தில் இருப்பவரிடம் காதில் சொல்வதுபோல் சொல்லி, மறுபடி சிரித்தேன். வயசுக்கு மரியாதை இல்லாமல் நான் ஆடிய அந்த நாடகத்தை அவள் அம்மா கண்கொட்டாமல் பார்த்தார்.

புரிந்துவிட்டது.

நாற்காலியை இழுத்துப் பெண்ணுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். கொரிய மொழியில் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். தமிழில் ஆரம்பித்தார். ஒவ்வொரு வார்த்தையாக.

"நாம இங்க வந்து மொத மாசம். நான் கடைக்குப் போயி, முட்டை கேக்கணும். 'அண்ணா, மொட்டை குடுங்க' சொல்லுது."

மஞ்சு நிமிர்ந்தாள்.

"கடை அண்ணா அன்னிக்குத்தான் திருப்பதி போயி வந்துது." தலையைத் தடவிக் காட்டினார். "கடையில எல்லாரும் சிரிக்குது. நான் வீட்டுக்கு வந்து அழுவுது."

"அப்புறம்?"

"மறுநாள் போயி. திரும்ப மொட்டை சொல்லுது. திரும்ப சிரிக்குது. அடுத்த நாள் போயி."

"ஏம்மா மறுபடி மறுபடி போன?"

அவள் அம்மா அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "முட்டை வேணும்ல?"

மஞ்சு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த அம்மா இந்த ஊரில் தினம் தினம் பட்டது அவளுக்கு அதுவரை தெரியாது. எனக்கும்தான். மகள் தலையைத் தடவிக்கொண்டே அவர் கொரிய மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். அது எனக்கானது இல்லை. கீழே இறங்கி வந்துவிட்டேன்.

அந்த மாசமே கிளம்பினார்கள். நித்யா என்னோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்தான் அனுப்பிவிட்டேன் என்று கோபம்.

அங்கே முதல் வருஷம் பாடாய்ப் பட்டிருக்கிறாள். வயதில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்களாம். டீச்சரை ஒருமையில் கூப்பிட்டுவிட, கிளாஸே சிரித்திருக்கிறது. போன் பண்ணுவாள். "ஆன்ட்டி, இன்னிக்கும் மொட்டை கேட்டேன்" என்பாள். நான் "நாளைக்கும் போ" என்பேன். அதிகம் பேச மாட்டோம். பிறகு போன் குறைந்தது. போன் குறைந்தால் நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். நித்யா பெங்களூருக்கு வேலைக்குப் போனபோதும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

இப்போது ஒரு கம்பெனியில் வேலை. அந்த வேலையாகச் சென்னைக்கு வந்தவள், லீவு கிடைத்ததும் பஸ் ஏறிவிட்டாள். அன்று நான் கோயிலுக்காகச் சிதம்பரம் போயிருந்தேன்; அங்கேயே வந்து என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை, "கொத்சு சாப்டலாமா ஆன்ட்டி?" அவள் தமிழ் பதினாறு வயதிலேயே நிற்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் விட்டுவிட்ட வார்த்தைகளை எல்லாம் அவள்தான் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

சாயங்காலம் கடலூருக்கு வந்து வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. அவள் அம்மா. தலை நன்றாக நரைத்துவிட்டது. திரையில் என்னைப் பார்த்து, "அக்கா, சாப்ட்டீங்களா?" என்றார். எல்லாம் விசாரித்தார். தமிழ் தீர்ந்ததும் மகளைக் கூப்பிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தார்கள், அம்மாவும் பெண்ணும். வேகமாக, ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து, எதற்கோ கோபித்து, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்து... காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல்.

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.