வெறும் வயிற்றில் மூன்று மாத்திரை

என் வீட்டுக்காரர் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர். குளித்தவர் என்று சொல்ல வேண்டும், வாய் இன்னும் பழகவில்லை.

கடலுக்குப் போகிற காலையில் அவருக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. வயிறு நிறைந்திருந்தால் அடியில் குமட்டும், ஒன்றுக்கு முட்டும் என்று இங்கே எல்லாக் குளியாட்களும் அப்படித்தான். ஆனால் மாத்திரை மட்டும் உள்ளே போகும். காது அடைக்காமலிருக்க மூக்கடைப்பு மாத்திரை, மூட்டுக்கு வலி மாத்திரை, பிறகு பிரஷர் மாத்திரை. மூன்றையும் எச்சிலைக் கூட்டியே விழுங்கிவிடுவார். நான் டம்ளரோடு வாசல்வரை பின்னால் போவேன்.

"சும்மா கெட ஏளா! தண்ணியக் குடிச்சிட்டு அடியில எப்படி நிக்கது? வந்து குடிக்கேன்."

வந்து குடிப்பது டீ.

மருந்துக்கடை அண்ணாச்சி ஒருநாளும் டாக்டர் சீட்டு கேட்டதில்லை. "வலி மாத்திரதானம்மா, எல்லாரும் வாங்குதாவ" என்பார். எல்லாரும் வாங்கினால் விஷமும் மிட்டாயாகிவிடும் போல.

கால் வீங்கியபோது நின்று நின்று வந்த வீக்கம் என்றார். முகமும் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

"மூக்கடைப்பு மாத்திரை ரத்தக்குழாயைச் சுருக்கும். மூக்கோட நிக்காது, பிரஷரையும் ஏத்தும். இவர் பிரஷர் மாத்திரை உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ளுற வகை. உடம்பு காஞ்சு கிடக்கறப்ப, கிட்னிக்கு ரத்தம் போற வழிய ஒரு ரசாயனம்தான் திறந்து வைக்கும். வலியைக் கூட்டுறதும் அதே ரசாயனம்தான். வலி மாத்திரை அதை உண்டாகவே விடாது. வலி நிக்கும், கிட்னிக்கு ரத்தமும் குறையும். வருஷக்கணக்கா இப்படி நடந்திருக்கு."

கடலுக்கடியில் எந்தப் பாரில், எந்தப் பாறைத் திட்டில் சங்கு கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். உடம்புக்குள் நடப்பதை எங்கள் தெருவில் யார் சொன்னார்கள்? மாத்திரை அட்டையில் எழுதியிருக்கிறதாம், கொசுக்கால் எழுத்தில், இங்கிலீஷில்.

இப்போது டயாலிசிஸ். குடித்த தண்ணீர் உடம்பைவிட்டு வெளியேறாதாம், அதனால் அதுவும் அளந்துதான், நாள் முழுக்க ஒரு சின்னச் சொம்பு. நேற்று மத்தியானமே அது தீர்ந்துவிட்டது. வெயில் வேறு.

"ஏளா, ஒரே ஒரு மடக்கு தா" என்றார்.

யாரிடமும் எதையும் கெஞ்சாத மனிதர். அவர் பின்னால் நீட்டிக்கொண்டு போன அதே டம்ளரை, அவர் கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.