மெஷின் முன்னால் யார் உட்காருவது

தெருவில் அவளை எல்லோரும் ஓட்டைக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பெயர் வைத்தவள் எதிர்வீட்டுக்காரி. "ஊரே ஓட்டையை அடைக்கத்தான் பாடுபடுது, நீ என்னடான்னா ஓட்டை போட்டுப் பொழைக்கிற" என்று ஒரு நாள் சிரித்தாள். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. ஓட்டைக்காவுக்கு அதில் வருத்தமில்லை. கட்டில்கூடக் கொள்ளாத ஒரு பக்கத்து அறை, அதில் மேஜையோடு திருகி நிறுத்திய டிரில்லிங் மெஷின், அவ்வளவுதான் அவள் ராஜ்யம். வயதானவர்கள் பிடித்துக்கொண்டு நடக்கிற சட்டத்துக்கான அலுமினியத் தகடுகள் கம்பெனியிலிருந்து சாக்கில் வரும். தகட்டுக்கு நான்கு துளை. ஆறு வருடமாக அவள்தான் போடுகிறாள்.

அலுமினியம் மெத்தென்று இருக்கும்; அதனாலேயே வம்பு பிடித்தது. துளைக்கும்போது சூடேறி, துளைபோடும் முனையான பிட்டில் பிசின் மாதிரி அப்பிக்கொள்ளும். தகட்டை வைஸ் என்கிற இடுக்கியில் இறுக்க வேண்டும், அடியில் மரக்கட்டை கொடுக்க வேண்டும், மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும், கைப்பிடியை விட்டு விட்டு அழுத்த வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை. முதல் மாதம் பதினேழு பிட் உடைத்து, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு தானாகக் கற்றுக்கொண்டாள்.

அந்த சூப்பர்வைசர் ஒரு மாலை நேரில் வந்தார். "நாளைக்குக் காலையில ஆர்டர் கொடுக்கிறவங்க ரெண்டு பேர் வர்றாங்க. வேலை நடக்கிற இடத்தைப் பார்க்கணுமாம்" என்றவர், அவளை விட்டுவிட்டு அவள் கணவரைப் பார்த்தார். "சார், நீங்க மெஷின்ல உக்காந்துடுங்க. அடுப்படிப் பொம்பளை போட்ட ஓட்டைன்னு தெரிஞ்சா நல்லா இருக்காது."

கணவர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குகிறவர். பட்டனை அழுத்துவதைத் தவிர வேறு மெஷின் தொட்டதில்லை. அவர் தலையாட்டினார்.

சூப்பர்வைசர் படியிறங்கியதும் அவள் கணவரைப் பிடித்துக்கொண்டாள். "என்னத்துக்குத் தலையாட்டினீங்க? பிட்டை எந்தப் பக்கம் மாட்டணும்னாவது தெரியுமா?"

"அஞ்சு நிமிஷ விஷயம்மா. வந்தவங்க பாத்துட்டுப் போயிடுவாங்க. வேலை நமக்குத்தானே வரப்போகுது?"

"நமக்கா? இதுவரைக்கும் ஒரு தகட்டையாவது தூக்கி வெச்சிருக்கீங்களா?"

அவர் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்குப் பாத்திரங்கள் கழுவப்படவில்லை, அடிவாங்கின.

மறுநாள் வந்தவர்களில் ஒருவர் நரைத்த இன்ஜினீயர். இன்னொருத்தி கையில் கோப்போடு ஒரு நடுவயதுப் பெண். சூப்பர்வைசர் பல்லெல்லாம் தெரிய முன்னால் வந்தார். ஓட்டைக்கா அடுப்படியில் டீ போட்டபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மெஷின் ஓடத் தொடங்கியது. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது: மண்ணெண்ணெய் விடவில்லை, வைஸை இறுக்கவில்லை, மனுஷன் தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அழுத்துகிறார். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் பிட் தகட்டைக் கவ்வி, விசிறி மாதிரி சுழற்றிவிட்டது.

முதலில் சுவிட்சை அணைத்தாள். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையில் இறுக்கிக் கட்டினாள். இரண்டு விரலில் ஆழமான வெட்டு. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"தினம் செய்யிற வேலைதான், இன்னைக்குக் கொஞ்சம் கை தவறிடுச்சு" என்றார் சூப்பர்வைசர்.

"கை தவறலை. அவருக்கு இந்த வேலை தெரியாது" என்றாள் ஓட்டைக்கா. "உங்க தகட்டுல இருக்கிற ஓட்டை எல்லாம் நான் போட்டது."

கோப்புக்காரி தாளைப் புரட்டினாள். "இதுல ஆபரேட்டர்னு இவர் பேருதானே இருக்கு? ஆறு வருஷமாவே இவர்தான் கையெழுத்து போட்டிருக்காரு."

ஓட்டைக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தகட்டை இறுக்கினாள், சொட்டு விட்டாள், நான்கு துளையும் போட்டு, பின்பக்கப் பிசிறைச் சீவி, இன்ஜினீயர் கையில் கொடுத்தாள். "தடவிப் பாருங்க. வயசானவங்க கை படுற எடம். கிழிக்கக் கூடாது." பிறகு சூப்பர்வைசரிடம் திரும்பினாள். "இந்தப் பிசிறைச் சீவ வேண்டாம், நேரம் வீணுன்னு சொன்னது நீங்கதானே? அதையும் இவங்ககிட்ட சொல்லுங்க."

இன்ஜினீயர் பெருவிரலால் ஒவ்வொரு துளையையும் தடவிப் பார்த்தார். கோப்புக்காரி பேனாவைத் திறந்து அவள் பெயரைக் கேட்டாள்.

கணவருக்கு ஏழு தையல். கம்பெனியிலிருந்து ஐந்து வாரம் சாக்கு வரவில்லை. எதிர்வீட்டுக்காரிகூட, "கொஞ்சம் வாயை அடக்கியிருக்கலாம்" என்றாள். ஆறாவது வாரம் வேறொரு ஆள் சாக்கோடு வந்தான். வேறு இடத்தில் கொடுத்துப் போட்ட துளைகள் முட்டை வடிவத்தில் இருந்தனவாம். அவன் நீட்டிய படிவத்தில் ஆபரேட்டர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. ஓர் எழுத்து தப்பாக இருந்தது. திருத்தித் தரச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாப்பிடும்போது கணவர் மெல்ல ஆரம்பித்தார். "சூப்பர்வைசர் நீட்டின தாள்ல கையெழுத்து போட்டேன். படிச்சுக்கூடப் பார்க்கலை."

"படிச்சிருந்தா போட்டிருக்க மாட்டீங்களா?"

அவர் யோசித்தார். "தெரியலை" என்றார்.

பொய் சொல்லாததற்காக அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். ஆனால் முகம் கொடுத்துப் பேச மேலும் ஒரு மாதம் பிடித்தது.