திருடன் தொடாத செருப்பு

அறுபதுகளின் தொடக்கம். தோல் பதனிடும் இடத்தில் கூலி வேலை. சுண்ணாம்புத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கிக் கை காலெல்லாம் வெந்துபோகும். அதை விட்டுவிட்டு நானும் என் மனைவியின் அண்ணனும் பம்பாய் தாராவியில் சொந்தமாகச் செருப்பு தைக்க உட்கார்ந்தோம். முதல் சரக்கு விற்காவிட்டால் திரும்ப அங்கேதான்.

மச்சான் கைவேலைக்காரர். சிவப்பு வார், அதில் பொன்னிறப் பூ. மாட்டுங்கா மார்க்கெட் ஓரம் சாக்கு விரித்துப் பரப்பினோம். பெண்கள் குனிந்து எடுத்தார்கள். தடவினார்கள். வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாளும் அப்படியே.

"வெலயக் கொறைப்போம் மச்சான்."

"சும்மா கெடயும் மாப்ள. இந்த வேலைக்கு இதே கொறச்சல்."

ஒரு மாமி மட்டும் தினமும் வந்து ஒரே ஜோடியைப் பார்ப்பார். கேட்டுவிட்டேன்.

"என்ன கொறன்னு சொல்லிட்டுப் போங்க மாமி."

"கொறையே இல்லப்பா, அதான் கஷ்டம். கோவில் வாசல்ல விட்டுட்டுப் போணுமே. போன மாசம்தான் புதுசு ஒண்ணு போச்சு. உள்ள நின்னுண்டு அம்பாளைப் பார்ப்பேனா, செருப்பை நெனச்சுண்டிருப்பேனா?"

அவர் காலில் கிடந்தது தேய்ந்த பழசு. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு நானும் பழசில்தான் போவேன். செருப்பு தைக்கிறவன், எனக்கே அது தோன்றவில்லை.

பட்டறைக்கு வந்து மச்சானிடம் சொன்னேன். "பழசு மாதிரி தைக்கணும்."

"கிறுக்கு புடிச்சிருக்கா? அசிங்கமா தைக்க எனக்கு வராது."

"அடித்தோல் மெத்துன்னு இருக்கட்டும். மேல மட்டும் அசிங்கம்."

முனகிக்கொண்டே தைத்தார். மங்கிய வார். அதன்மேல், கிழிந்ததை ஒட்டுப் போட்டதுபோல் ஒரு துண்டு. அதைக் கோணலாகத் தைக்க அவர் பட்ட பாடு பெரிது. கை தன்னால் நேராகவே போனது. பிரித்துப் பிரித்துக் கெடுத்தார்.

அடுத்து வந்தபோது அதைப் பார்த்து மாமி முகம் சுளித்தார். பிறகு காலை நுழைத்தார். நாலடி நடந்தார். சிரித்துவிட்டார்.

"காலுக்குப் பஞ்சு மாதிரி இருக்கு. பார்க்கத்தான் சகிக்கல. இதை எந்தத் திருடன் தொடுவான்? எங்க மன்னிக்கும் ஒண்ணு குடு."

மச்சான் என் பக்கம் சாய்ந்தார். "ஏசிக்கிட்டே வாங்குதாவ, மாப்ள."

மாமி போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரமே சாக்கு காலி.

தோல் எடுக்கப் பழைய வேலையிடத்துக்குப் போனோம். எங்களைக் கண்டதும் மேஸ்திரிக்குச் சிரிப்பு.

"வந்துட்டீங்களா? தொட்டி ஒங்களுக்காகத்தான் காத்துக் கெடக்கு."

மச்சான் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"எறங்க வரல அண்ணாச்சி. சரக்கு எடுக்க வந்திருக்கோம். நல்ல தோலாக் காட்டுங்க."