யூரோ எண்பத்தைந்துக்கு இறங்கும்

ஞானதாசன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டியவர். வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிச் சில வருடங்கள் ஆன பிறகும், காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அவர் பார்ப்பது கைபேசியில் அன்றைய ரியால் ரேட்டைத்தான். அவர் கையில் ஒரு ரியால் கிடையாது, இனி வருகிற வழியும் இல்லை. இருந்தாலும், கருங்கல் சந்தைப் பக்கத்துச் சாயாக்கடையில் நாலுபேர் முன்னால் வாய் திறக்க ஏதாவது வேண்டாமா?

அந்தக் கடையில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கிறவர்கள், இப்போது பணம் அனுப்பச் சொல்லலாமா, பொறுக்கலாமா என்று அவரிடம்தான் கேட்பார்கள். அவர் கண்ணை மூடி, இரண்டு மிடறு சாயா குடித்து, எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்வார்: "பொறுங்க." ரூபாய் எப்படியும் விழுந்துகொண்டே இருந்ததால், பொறுத்தவர்களுக்கெல்லாம் லாபம் வந்தது. ஞானதாசன் பொருளாதார மேதை ஆகிவிட்டார். அதற்கு அவர் போட்ட முதல், நம் நாட்டுப் பணத்தின் மேல் அவருக்கு இருந்த அசையாத அவநம்பிக்கை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் தேசத்தின் பொருளாதாரத்துக்காக ஜெபிக்கும்போது மட்டும் இவர் ஆமென் சொல்வதில்லை என்று மனைவி கிரேசி சொல்வாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். அப்படியெல்லாம் கவனிப்பாள்.

இவர்களுடைய ஒரே மகள் பெபிஷா நர்சிங் படித்துவிட்டு நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். 2025 தொடக்கத்தில் அவளுக்கு அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை உறுதியானது. முதல் சில வாரம் தங்க இல்லத்திலேயே அறை தருவார்கள். பிறகு அவளே வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளம் கைக்கு வரும்வரை செலவுக்கு யூரோ வேண்டும். கிரேசி தன் வளையல்களையும் ஒரு மாலையையும் அடகுக்கடையில் வைத்து இரண்டரை லட்சம் வாங்கி வந்தாள். யூரோ அப்போது தொண்ணூறு ரூபாய்.

"இப்பமே வாங்கி வச்சிருவோம்பா" என்றாள் பெபிஷா. "விசா எப்ப வேணும்னாலும் வரும்."

"ஏட்டி, நீ பேயாம இரி. எண்பத்தஞ்சுக்கு எறங்கும் பாரு."

"ஆரு சொன்னா?"

"நான் சொல்லுதேன். எத்தற வருசம் ரேட்டு பாத்தவனாக்கும் நான்."

"அது ரியாலுப்பா. அங்க நீங்க வித்திய. இது நாம வாங்குதோம்."

"எல்லாம் ஒண்ணுதான்" என்றார் ஞானதாசன்.

எல்லாம் ஒன்றில்லை என்பது மார்ச் மாதம் தெரிந்தது. ஒரு காலையில் அவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கேறிட்டு! தொண்ணூத்தி நாலு! ஒரே கேற்றம்!" என்று சத்தம் போட்டபடி அடுக்களைக்கு ஓடிவந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

கிரேசி தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். "எதுக்குச் சிரிக்கிய? நமக்கு நட்டமாக்கும்."

அவர் அப்படியே நின்றார். இத்தனை வருடமாக ரூபாய் விழும்போதெல்லாம் சந்தோஷப்பட்டுப் பழகிய முகம். வேறு மாதிரி வைத்துக்கொள்ள அதற்குத் தெரியவில்லை. சிரிப்பை மெல்ல மடக்கி உள்ளே வைத்துக்கொண்டு, "எறங்கும்" என்றார்.

ஏப்ரலில் யூரோ தொண்ணூற்றேழைத் தொட்டது. அது எண்பத்தைந்துக்கு வருவதற்காக அவர் காத்திருந்தார். பணம் அலமாரியில் இருந்தது. அடகுக்கடையிலிருந்து வட்டியைப் பற்றி மாதந்தோறும் தவறாமல் குறுஞ்செய்தி வந்தது. அதில் மட்டும் ஏற்ற இறக்கம் ஒன்றும் இல்லை. சாயாக்கடையில் இப்போது அவர் அமெரிக்காவைப் பற்றியும் வரிகளைப் பற்றியும் பேசத் தொடங்கியிருந்தார். தன் கணக்குத் தப்பியதற்கு ஒரு வல்லரசாவது காரணமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

ஜூலையில் விசா வந்தது. அடுத்த வாரம் விமானம். யூரோ நூறு.

வேறு வழியில்லாமல் தகப்பனும் மகளும் நாகர்கோவிலுக்கு, அந்நியப் பணம் மாற்றித் தரும் ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு எல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நோட்டாட்டுத் தாறோம் சார். மிச்சத்த கார்டுல போட்டுருவோம். அங்க போய் எந்தக் கடையிலயும் உரசலாம்" என்றாள். நூற்று இரண்டு ரூபாய் ரேட் சொன்னாள்.

"கூகுள்ல நூறுண்ணுல்லா கெடக்கு?"

"அப்போ கூகுள்ட்ட வாங்கிக்கிடுங்க சார்."

ஞானதாசனுக்கு ரோசம் வந்துவிட்டது. "கார்டு ஒண்ணும் வேண்டாம். மெஷினு முழுங்கிட்டுண்ணா பிள்ள நடுரோட்டுல நிக்கணும்" என்று சொல்லி மகளையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு ரூபாயை மிச்சம் பிடிக்க வேண்டும். வல்லரசுகளோடு மோதி விட்டதை, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடமாவது பிடித்துவிட வேண்டும்.

குளச்சலில் பெனிட்டோ என்று ஒருவன் இருந்தான். மஸ்கட்டில் இவரோடு ஒரே அறையில் கிடந்தவன். இப்போது ஊரில் எல்லாம் செய்வான். என்ன செய்கிறான் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அவன் ரசீது, பான் கார்டு என்றெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. தொண்ணூற்றொன்பது ரூபாய்க்குத் தந்தான். ஐந்து நோட்டு. ஊதா நிறம். ஒவ்வொன்றும் ஐநூறு யூரோ. எல்லாம் புத்தம் புதுசு போல மடிப்பில்லாமல் இருந்தது.

"பாத்தியா மக்கா? கையில வச்சா எடமே அடைக்காது" என்றார் ஞானதாசன் மகளிடம்.

"சில்லறையாட்டு இல்லியாப்பா?"

"அங்க போனா ஆரும் மாத்தித் தருவாவ. ஒரிஜினல் நோட்டாக்கும்."

நோட்டு அசல்தான். அதில் பெனிட்டோ பொய் சொல்லவில்லை. அந்த நோட்டை அச்சடிப்பதையே ஐரோப்பாவில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள் என்பதையும், கண்ட இடத்தில் அதை நீட்டினால் நீட்டியவரைத்தான் முதலில் உற்றுப் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, வழியில் ஒருமுறை மாறி, பெபிஷா போய் இறங்கினாள். இல்லத்துக்காரர்கள் வண்டி அனுப்பியிருந்தார்கள். மறுநாள் பக்கத்துக் கடைக்குப் போய் அரிசி, ரொட்டி, பால், முட்டை எல்லாம் கூடையில் எடுத்துவைத்து ஊதா நோட்டை நீட்டினாள். கல்லாவில் இருந்தவர் அதை எக்ஸ்ரே படம்போல வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் தூக்கிப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நோட்டைத் திருப்பித் தந்தார். பெபிஷா கூடையை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். பஸ்சிலும் அதே கதை. வங்கிக்குப் போனாள். கணக்கு இருந்தால் கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். கணக்குத் தொடங்க விலாசத்துக்கு ஆதாரம் வேண்டும். விலாசம் வேண்டுமென்றால் வீடு வேண்டும். வீடு வேண்டுமென்றால் முன்பணம் வங்கி வழியாக வர வேண்டும். இரண்டாயிரத்து ஐநூறு யூரோவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அம்மா கொடுத்துவிட்ட முறுக்கைத் தின்று அவள் அந்த வாரத்தை ஓட்டினாள்.

வீட்டில் கேட்டால், "எல்லாம் கொள்ளாம்பா, நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

இல்லத்துச் சமையலறையில் வேலை பார்த்த பிரிஜா என்ற மார்த்தாண்டத்துக்காரிதான் இதைக் கண்டுபிடித்தாள். மதியம் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது இவள் மட்டும் நடக்கப் போகிறேன் என்று வெளியே போவது அவளுக்குச் சரியாகப் படவில்லை. பிடித்து உட்கார வைத்துக் கேட்டாள். பெபிஷா பையைத் திறந்து ஊதா நோட்டுகளைக் காட்டிவிட்டு அழுதாள்.

பிரிஜா நோட்டைப் பார்த்துச் சிரித்தாள். "கரையாத மக்கா. எங்கப்பா எனக்கு அயர்லாந்துக்கு டாலரு தந்துவிட்டாரு. டாலருண்ணா ஒலகம் பூரா செல்லுமாம்."

நோட்டுகளை அவள் தன் வங்கியில் கட்டினாள். எங்கிருந்து வந்தது, யார் தந்தது என்று அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல இரண்டு முறை அலைய வேண்டியிருந்தது. பணம் கணக்கில் ஏறும்வரை தன் கைக்காசைக் கொடுத்து, தன் வீட்டிலேயே ஓர் அறையையும் வாடகைக்கு விட்டாள்.

இதெல்லாம் ஞானதாசனுக்குத் தெரிய வந்தது பிரிஜா வாயால்தான். ஒருநாள் வீடியோவில் மகளோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவள் நடுவில் வந்து, "அங்கிளே, பிள்ளையப் பட்டினி போட்டுல்லா அனுப்பிருக்கிய!" என்று சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஞானதாசன் சிரிக்கவில்லை. கைபேசியைக் கிரேசி கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

நேராகக் குளச்சலுக்குப் போய்ப் பெனிட்டோவைப் பிடித்தார். பெனிட்டோ பொறுமையாகக் கேட்டான். "அண்ணே, நோட்டு கள்ள நோட்டா?" என்றான்.

"இல்ல."

"எண்ணத்துல கொறவா?"

"இல்ல."

"பின்ன?"

ஞானதாசன், பெனிட்டோ வாங்கித் தந்த சாயாவைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். அன்று மகள் பசியோடு கூடையை வைத்துவிட்டு வந்த கடை எப்படி இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்ததாகப் பின்னால் கிரேசியிடம் சொன்னார். மூன்று ரூபாய் மிச்சத்தை அவள் ஏற்கனவே கணக்குப் பார்த்து, அடகு வட்டியில் கழித்து, பேச்சை விட்டிருந்தாள்.

நல்ல மனிதர்கள் இப்படி அடிபட்டால் திருந்துவார்கள். ஞானதாசனும் நல்ல மனிதர்தான். ஏறத்தாழ ஒரு மாதம் திருந்தியிருந்தார்.

செப்டம்பர் கடைசியில் பெபிஷா பணம் அனுப்பலாம் என்றிருந்த சமயம், யூரோ நூற்று நான்கைத் தொட்டது. இப்போது உண்மையாகவே சந்தோஷப்படலாம். ஞானதாசன் முகத்துக்கு அதன் பழைய வேலை திரும்பக் கிடைத்தது. உடனே மகளைக் கூப்பிட்டார்.

"மக்கா, இப்பம் அனுப்பாத. நூத்திப்பத்து போவும். கொஞ்சம் பொறு."

"செரிப்பா" என்றாள் பெபிஷா. நல்ல பிள்ளை. அப்பா சொல்லுக்கு மறுசொல் சொல்ல மாட்டாள்.

நாலைந்து நாள் கழித்துக் கிரேசி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கையில் வளையல்கள் கிடந்தன. ஞானதாசன் பார்த்தார்.

"எப்ப திருப்பின?"

"இண்ணைக்கு. பிள்ள போன வாரமே எனக்க கணக்குல போட்டுட்டா. என் சம்பளத்தையும் சேத்து வளையல மட்டும் மீட்டேன்."

அவர் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டுபேரும் என்ட்ட ஒரு வார்த்த கேக்கப்பிடாதா?"

"கேட்டா பொறுக்கச் சொல்லுவிய."

ஞானதாசன் யோசித்துப் பார்த்தார். சொல்லியிருப்பார்தான். அதில் அவருக்கே சந்தேகம் இல்லை. கொஞ்ச நேரம் முற்றத்தில் போய் நின்றுவிட்டு, சோறு போடச் சொல்லி உள்ளே வந்தார்.