தெற்கு மிஷின் அக்காவின் கண்

உளவியல் படிக்கலாம் என்று நான் முடிவெடுத்ததற்குக் காரணம் அரிசி மில்கள்தான். கல்லூரியில் படித்தது மின்னணுவியல். செய்கிற வேலை, அரிசியின் நிறத்தைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கும் கலர் சார்ட்டர் மிஷின்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், வலங்கைமான், மன்னார்குடி என்று பஸ்ஸில் போய்வருவேன். மிஷின் சரியில்லை என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பாதி இடங்களில் மிஷின் சரியாகத்தான் இருக்கும்; கூப்பிட்டவர்களுக்குள் ஏதோ சரியிருக்காது. அந்தப் பாதியையும் கற்றுக்கொண்டுவிடலாம் என்று தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தேன்.

"பைத்தியம் பிடிச்சவங்களுக்கு வைத்தியம் பாக்கப் போறியா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா. பிடிக்காதவங்களுக்கு."

"அது இன்னும் கஷ்டமாச்சே" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

முதல் தாள், உளவியலின் வரலாறு. கனவு, சிறுபிராயம், மனிதர்கள் ஏன் பொய் சொல்கிறார்கள் என்கிற மூன்றையும் எதிர்பார்த்துப் புத்தகத்தைத் திறந்தேன். அதில் நட்சத்திரம் இருந்தது.

இங்கிலாந்தில் ஒரு வானாய்வுக்கூடம். தொலைநோக்கியின் குறுக்கே ஒரு மெல்லிய கம்பி. நட்சத்திரம் அந்தக் கம்பியைக் கடக்கும் நொடியை, கடிகாரத்தின் டிக்கைக் காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும். உதவியாளர் குறித்த நேரம் எப்போதும் தலைவர் குறித்ததைவிடச் சற்றே பிந்தி இருந்தது. தலைவர் எச்சரித்தார். உதவியாளர் முயன்றார். வித்தியாசம் குறையவில்லை, கூடியது. வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பல வருடங்கள் கழித்து வேறொரு நாட்டு வானியலாளர் இதைப் படித்துவிட்டு, தன்னையும் தன் நண்பர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த இருவருடைய நேரமும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொருவருக்கும் தனக்கென்று ஒரு தாமதம் இருந்தது.

இதிலிருந்துதான் மனத்தை அளக்கலாம் என்ற எண்ணமே வந்தது, ஜெர்மனியில் பிறகு ஆய்வுக்கூடம் வைத்தவர்கள் இந்த வழியில்தான் வந்தார்கள் என்றது புத்தகம். வெண்ணாற்றுப் பாலத்தில் பஸ் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது. நான் அந்தப் பத்தியை மறுபடி படித்தேன். கம்பி, கடிகாரம், நட்சத்திரம் எல்லாம் புரிந்தது. இதில் மனம் எங்கே வருகிறது என்பது மட்டும் புரியவில்லை.

அன்று போன மில் வலங்கைமான் தாண்டி, வயல்களுக்கு நடுவே. புழுங்கல் அரிசி அரைக்கிற இடம். போன மாதம்தான் இரண்டு கலர் சார்ட்டர்களை அங்கே பொருத்தியிருந்தேன். வடக்குப் பக்கம் ஒன்று, தெற்குப் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு அக்கா நீலத் தட்டோடு உட்கார்ந்திருப்பார். கொட்டுகிற அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்துத் தட்டில் பரப்பி, மிஷின் தப்பவிட்ட கறுப்பையும் பழுப்பையும் விரலால் ஓரம் ஒதுக்குவார். ஒதுக்கியது அதிகமானால் அந்த லாட், அதாவது அந்தத் தவணை அரிசி முழுவதும், திரும்ப மிஷினில் ஏறும். இருவருக்கும் நடுவே மூட்டை அடுக்கு சுவர்போல நின்றது.

"தெக்கு மிஷின் கோளாறும்மா" என்றார் முதலாளி. "வடக்குல ஓடுற அதே நெல்லுதான் இதுலயும் ஓடுது. இதுல மட்டும் லாட் லாட்டா திரும்புது. லாரிக்காரன் வாசல்லயே பாய் விரிச்சுப் படுத்துட்டான்."

கேமரா கண்ணாடியைத் துடைத்தேன். விளக்குகளைப் பார்த்தேன். கெட்ட அரிசியை ஊதித் தள்ளும் காற்று வால்வுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். குறை இல்லை. இனி மாற்றிப் பார்க்க மிச்சமிருந்தவை மூன்று: நெல், மின்சாரம், ஆள். நெல்லும் மின்சாரமும் இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் அக்காக்களை இடம் மாறி உட்காரச் சொன்னேன்.

மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. இப்போது வடக்கு மிஷினிலிருந்து லாட் திரும்பியது. கோளாறு மிஷினோடு நிற்கவில்லை, தெற்கு அக்காவோடு எழுந்து போயிருந்தது.

"அப்ப ஆளுதான் கோளாறு" என்றார் முதலாளி. அவர் குரலில் நிம்மதிகூட இருந்தது. "வெள்ளிக்கிழமையோட நின்னுக்கச் சொல்லிடுறேன். கண்ணு போயிடுச்சு போல. பாவம், வயசாயிடுச்சுல்ல."

தெற்கு அக்காவுக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். அவ்வளவு நாளும் நடவுக்குப் போனவர். முட்டி மடங்காமல் போனபிறகு, உட்கார்ந்து செய்கிற வேலை என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவருக்குக் கிடைத்தது இந்தத் தட்டு ஒன்றுதான். முதலாளி அந்தப் பக்கம் போனதும் என்னிடம் வந்தார்.

"என்ன பாப்பா, மிஷினப் பாக்க வந்துட்டு என்னையப் பாத்துட்டுப் போற?"

பஸ்ஸில் படித்த உதவியாளர் நினைவுக்கு வந்தார். மனம் எங்கே வருகிறது என்று கேட்ட இடத்துக்கு இப்போது வந்துவிட்டேனோ என்று தோன்றியது. வந்தும் தெளிவாகவில்லை.

ஒரு கைப்பிடி அரிசியை எடுத்தேன். முதலில் வடக்கு அக்கா ஒதுக்கினார். எண்ணிவிட்டுத் திரும்பக் கலந்தேன். அதே கைப்பிடியைத் தெற்கு அக்காவிடம் கொடுத்தேன். அவர் அதிகம் ஒதுக்கினார். மறுபடி கலந்து, வெளிச்சத்தை மாற்றி, இடத்தை மாற்றி, முதலில் யார் என்பதை மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். தெற்கு அக்கா ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே அளவு அதிகமாகத்தான் ஒதுக்கினார். கண் போனவர் கை தடுமாறும். சில முறை கூடும், சில முறை குறையும். இவர் தடுமாறவே இல்லை. வடக்கு அக்காவும் தடுமாறவில்லை.

நானே ஒதுக்கிப் பார்த்தேன். இருவருக்கும் நடுவில் நின்றேன். முதலாளியையும் ஒதுக்கச் சொன்னோம். எல்லோரையும்விடக் குறைவாக ஒதுக்கினார்.

"மொதலாளி கண்ணுக்கு எல்லாமே வெள்ளைதான்" என்றார் வடக்கு அக்கா. "விக்கிறவங்க கண்ணு அப்படித்தான் இருக்கும்."

"அடிங்க" என்றார் முதலாளி, சிரித்துக்கொண்டே.

சரி, மிஷினை நடுவராக வைக்கலாம் என்று திரையருகே போனேன். அப்போதுதான் உறைத்தது. கெட்ட அரிசி எது என்று மிஷினுக்குத் தானாகத் தெரியாது. பொருத்துகிற அன்று நல்லதையும் கெட்டதையும் யாராவது பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டு மிஷின்களுக்கும் காட்டியது நான். நடுவர் என்று நான் நம்பிப் போனது என் கண்ணைத்தான். காற்றழுத்தமும் கேமராவும் வைத்த என் கண். என் கண்ணையே அளவுகோலாக வைத்துக்கொண்டு அக்காக்களின் கண்ணை எப்படி அளப்பது?

வேலை முடிந்ததும் எழுதிக்கொடுக்கும் தாளில் கோளாறின் காரணத்துக்கு மூன்று கட்டங்கள் உண்டு: மிஷின், மின்சாரம், இயக்குபவர். மூன்றிலும் பேனாவை வைத்துப் பார்த்தேன். எதிலும் டிக் போட முடியவில்லை.

முதலாளியிடம் வானாய்வுக்கூடத்துக் கதையைச் சொன்னேன்.

"நட்சத்திரத்துக்கும் அரிசிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அவங்க அப்புறம் யாரையும் அனுப்பல சார். யாருக்கு எவ்வளவு வித்தியாசம்னு அளந்து வச்சுக்கிட்டாங்க. அதக் கழிச்சுட்டா கணக்கு சரியாயிடும். அக்காவுக்கும் அப்படிச் செய்யலாம். அவங்க தட்டுல மட்டும் கொஞ்சம் கூடுதலா ஒதுக்கினாலும் லாட்டைத் திருப்ப வேணாம்."

"அதாவது அதுக்கு ஒரு படி, இதுக்கு ஒரு படியா?" என்றார். ஆனால் யோசித்தார். லாரிக்காரர் வாசலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அக்காவின் வேலை தப்பிவிட்டது என்றே நினைத்தேன். அவரிடம் போய் விளக்கினேன். முழுவதும் கேட்டார். பிறகு தட்டைத் தரையில் வைத்தார்.

"நான் எடுத்துப் போடுறதுல பாதியை நீ தள்ளுபடி பண்ணிக்குவியா?"

"பாதி இல்லக்கா, கொஞ்சம்."

"எந்தக் கொஞ்சம்? நீ எடுத்துக் காட்டு. இந்தத் தட்டுல எது கறுப்பு, எது என் கண்ணோட தப்பு?"

என்னால் காட்ட முடியவில்லை. அவர் ஒதுக்கியதிலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எனக்கு அது சாதாரண அரிசியாகத் தெரிந்தது.

"இதுல என்னக்கா பாக்குறீங்க?"

நெடுநேரம் பார்த்தார். "அது அரிசியா இல்ல" என்றார். "அவ்வளவுதான் சொல்லத் தெரியுது. பாத்துட்டுப் பாக்காத மாதிரி இருக்கச் சொன்னா நான் இப்பவே போறேன்."

வேலை போகிறது என்று பயந்தவர், வேலை தருகிற வழியை வேண்டாம் என்கிறார். இதற்கு என் தாளில் எந்தக் கட்டமும் இல்லை. மூட்டைச் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து வடக்கு அக்காவின் குரல் வந்தது.

"யக்கா, ரோஷம் சோறு போடாது. மொதலாளி, இந்த மூட்டைய நடுவுலேருந்து எடுக்கச் சொல்லுங்க. எங்க ரெண்டு பேரையும் ஒரே தட்டு முன்னால உக்கார வைங்க. ரெண்டு மிஷின் அரிசியையும் ரெண்டு பேருமே பாக்குறோம். ஒத்துக்கிட்டாத்தான் லாட் திரும்பும்."

"ஏண்டி, உனக்கு என் கண்ணு மேல நம்பிக்கை இல்லையா?"

"ஒன் கண்ணு மேல இருக்கு. ஒன் வாய் மேலதான் இல்ல. தனியா உக்காந்தா ஒனக்குப் பேச ஆளில்லாம அரிசியோட சண்டை போடுற."

தெற்கு அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "ஒரு மாசம் பாக்குறேன்" என்றார். "அப்பவும் லாட் திரும்புச்சுன்னா பேச்சே கிடையாது."

நான் மூன்று கட்டங்களையும் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த மாதம் புத்தகத்தில் அடுத்த அத்தியாயம் படித்தேன். ஆய்வுக்கூடங்களில் ஆட்களை உட்காரவைத்து, அவரவர் மனத்துக்குள் நடப்பதை அவரவரே பார்த்துச் சொல்லப் பழக்கினார்கள். எண்ணம் வரும்போது மனத்தில் படம் வருமா என்று கேட்டார்கள். ஓர் ஊர் ஆய்வுக்கூடத்தில் வரும் என்றார்கள், இன்னோர் ஊரில் வராமலும் எண்ணம் உண்டு என்றார்கள். யார் சரி என்று பார்க்க மூன்றாவது ஆள் அந்த மனங்களுக்குள் நுழைய முடியாது. கடைசியில் ஓர் அமெரிக்கர் வந்து, உள்ளே பார்ப்பதையே விடுங்கள், வெளியே தெரிவதை மட்டும் எண்ணுங்கள் என்றார். ஓரத்தில் "அரிசியா இல்ல" என்று எழுதிவைத்தேன். இதைத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் வருமா என்று தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்துக் காற்று வடிகட்டி மாற்ற அதே மில்லுக்குப் போனேன். மூட்டைச் சுவர் இல்லை. இரண்டு அக்காக்களும் எதிரெதிரே, நடுவில் நீலத் தட்டு. லாட் திரும்புவது அநேகமாக நின்றுவிட்டது என்றார் முதலாளி. தெற்கு அக்காவை அனுப்புகிற பேச்சையே மறந்திருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு கைப்பிடி எடுத்து, தனித்தனியாக ஒதுக்கச் சொன்னேன். இருவரும் ஒரே அளவு ஒதுக்கினார்கள்.

"யக்கா, நீங்க மாறிட்டீங்க" என்றேன்.

"நான் எங்க மாறுனேன்? இவதான் இப்பத்தான் கண்ணத் தொறந்திருக்கா."

"ஐயோ பொய்யி" என்றார் வடக்கு அக்கா. "நான் எப்பவும் போலத்தான். யக்காதான் பேச்சு சுவாரசியத்துல பாதிய விட்டுடுது."

யார் யார் பக்கம் நகர்ந்தார்கள் என்று பார்க்கப் பழைய லாட் வேண்டும். அதை யாரோ எங்கோ வடித்துச் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். இது வேறு நெல். ஒப்பிட எதுவுமில்லை. ஒருவேளை இருவருமே நகர்ந்திருக்கலாம். ஒருவேளை தெற்கு அக்கா இன்னமும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒதுக்காமல் மட்டும் இருக்கலாம். அவரைக் கேட்டால் அவருக்கே தெரிந்திருக்குமா?

அதே கைப்பிடியைக் கலந்து நானும் ஒதுக்கினேன். என் ஓரத்தில் சேர்ந்தது அவர்களுடையதைவிட அதிகம். மிஷின் நல்லது என்று அனுப்பிய அரிசி அது. எது நல்லது என்று அந்த மிஷினுக்குக் காட்டியதும் நான்தான். பொருத்திய அன்றைய என் கண் உள்ளே இருந்துகொண்டு சரி என்றது. இன்றைய என் கண் வெளியே உட்கார்ந்து இல்லை என்றது.

"மிஷின மாத்தி வைக்கணுமாம்மா?" என்றார் முதலாளி.

"தெரியல சார்."

தெற்கு அக்கா காலை மெல்ல நீட்டிப் பக்கத்தில் இடம் விட்டார். தட்டை என் பக்கம் தள்ளினார்.

"உக்காரு பாப்பா. கொஞ்ச நேரம் எங்களோட சேந்து பாரு. சரியாயிடும்."

சரியாவது எது என்று கேட்க நினைத்தேன். உட்கார்ந்தேன்.